ஏழு பேர் ஏறியதும் வந்த நுரை

ஷேராபாத்,
ஆகஸ்ட் 3, ஞாயிறு.

அன்புள்ள எல்முரோதுக்கு,

உங்கள் மோஹிரா எழுதுகிறேன். கடல் தாண்டி இருக்கும் உங்களுக்கு இந்த வீட்டிலுள்ள எல்லோருடைய சலாமும். இரவுப் பணி முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். போன முறை முகம் வாடியிருந்ததாக அத்தை இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இங்கே மாமா நலமாக இருக்கிறார். இந்த வரியைப் போன மாதம் என்னால் எழுதியிருக்க முடியாது.

மற்றச் செய்திகள் முதலில். ஒய்தினுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அதை அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தோடு வரும், தூக்கி எறிந்துவிடாதீர்கள். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மேற்குப் பக்கத்து மாதுளை மரங்களில் வெயில் பட்ட காய்களெல்லாம் ஒரு பக்கம் வெந்து போயின. சில்லா என்னும் கடும் வெயிலின் நாற்பது நாளில் இன்னும் இரண்டு நாள் பாக்கி. இந்த வருடம் முப்பது நாளாவது நாற்பத்தாறு டிகிரியைத் தாண்டியிருக்கும். நம் ஊர் நோர்போதா புதன்கிழமை அங்கே வர விமானம் ஏறுகிறான், அவன் பையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வாரம் இரண்டு முறை முகம் பார்த்துப் பேசுகிறோம், இதற்கு மேல் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனைத் தேநீர்க் குடுவையில் சாய்த்து வைத்ததும் மாமா, அத்தை, குழந்தை, சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே நான் பேசுவது எல்லோரும் கேட்கிற பேச்சு. உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று இரண்டு வாரமாக என்னிடம் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டீர்கள், வண்டியின் ஏசியை யார் சரிசெய்தது என்று. தெர்மெஸில் யாரோ ஒரு மெக்கானிக் என்று அத்தை அவசரமாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது பொய். சரிசெய்தவர் உங்கள் சித்தி மகன் ஹோலியோர். உங்களிடம் கேட்காமல் அவர் பட்டறைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனது நான். கோபம் வந்தால் என் மேல் வரட்டும். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

வண்டியில் கோளாறு தொடங்கியது ஜூன் நடுவில். மாமாவையும் பீபிசோரா அம்மாளையும் சோரிகுல் வாத்தியாரையும் டயாலிசிஸுக்குத் தெர்மெஸ் கூட்டிப் போவது செவ்வாய், வியாழன், சனி என்று உங்களுக்குத் தெரியும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஏசி கேஸ் நிரப்பினால் பத்து நாள் குளிரும், பிறகு வெறும் காற்று. பஜாருக்குப் பின்னால் ஒரு பட்டறையில் இரண்டு முறை நிரப்பினேன். மூன்றாவது முறை அவர்கள் ஒரு கருவியைக் கொண்டுவந்து மோப்பம் பிடிக்க விட்டார்கள். டேஷ்போர்டு பக்கம் எங்கே வைத்தாலும் அது கத்தியது. உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் ஓட்டை, டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், காயில் தாஷ்கண்டிலிருந்து வர வேண்டும், இரண்டு மூன்று வாரம் வண்டியை விட்டுவிட்டுப் போ என்றார்கள்.

ஒரு வாரம் வாடகைக் காரில் அனுப்பிப் பார்த்தேன். எரிபொருளான மீத்தேனை மிச்சம் பிடிக்க ஓட்டுநர்கள் ஏசி போடுவதில்லை. மீத்தேன் பங்கில் பயணிகளை வெளியே இறக்கிவிடுவது சட்டம். வரிசை நகரும் வரை மூன்று நோயாளிகளும் வேலியோரம் வெயிலில் நிற்க வேண்டும். இரண்டாம் நாளே சோரிகுல் வாத்தியார் அங்கே மயங்கி உட்கார்ந்துவிட்டார். அதனால் மறுபடி நம் வண்டியிலேயே, ஈரத் துணிகளை ஜன்னலில் கட்டிக்கொண்டு கூட்டிப் போனேன்.

மாமா ஒரு நாளைக்கு நான்கு பியாலா நீர்தான் குடிக்கலாம், தேநீரும் சூப்பும் அதற்குள் அடக்கம். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் குடிக்கிற நீருக்குப் போக வழியில்லை, நுரையீரலில்தான் தங்கும். இதையெல்லாம் நான் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். நாற்பத்தேழு டிகிரியில், அனல் வீசும் தகரப் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் போய்வரும் மனிதரிடம் நாலு பியாலா என்று எப்படிச் சொல்வது? அவர் என்னிடம் ஒரு நாளும் தண்ணீர் கேட்டதில்லை. நான் சாலையைப் பார்த்து ஓட்டும்போது கண்ணாடியில் பார்ப்பேன். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு, வாய்க்கால் வரும் இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஜூலை 17, வியாழக்கிழமை. திரும்பும் வழியில் நான் டயருக்குக் காற்றுப் பிடிக்க இறங்கினேன். ரேடியேட்டருக்கென்று வைத்திருந்த ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை மாமா எடுத்துப் பாதியைக் குடித்துவிட்டார். தடுக்கப் போன பீபிசோரா அம்மாளின் கையைத் தட்டிவிட்டாராம். நம் மாமா, ஒரு பெண்ணின் கையைத் தட்டிவிட்டார். சனிக்கிழமை எடை பார்த்தபோது ஐந்து கிலோ கூடியிருந்தது. மூச்சு வாங்கி, உதடு நீலமாகி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இயந்திரத்தில் போட்டார்கள். மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமையும் இப்படி வந்தால் இதயம் தாங்கும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று மாமா போன் வருவதற்கு முன்பே எல்லோரிடமும் சத்தியம் வாங்கிவிட்டார். அன்று மாலை நீங்கள் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தாரே, அந்தச் சிரிப்புக்கு முன்னால் பத்து நிமிடம் சுவரில் சாய்ந்து மூச்சுப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹோலியோரிடம் போகலாம் என்று நான்தான் சொன்னேன். மூன்று வருடமாக அந்தப் பெயரை யாரும் நம் சாப்பாட்டு விரிப்பின் முன்னால் சொன்னதில்லை. மாமா எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். அத்தை உள்ளே போய் நான்கு ரொட்டிகளைத் துணியில் கட்டி எடுத்துவந்து என் மடியில் வைத்தார். அவருடைய தங்கை மகன் அல்லவா.

ஊருக்குள் இருந்த பட்டறையை விட்டுவிட்டுத் தெர்மெஸ் சாலையில், பருத்தி ஆலையைத் தாண்டி வைத்திருக்கிறார். இப்போது முலாம்பழ லாரிகளின் குளிர்ப்பெட்டிகள்தான் அதிகம் வருகின்றன. நம் வண்டியைத் தூரத்திலேயே கண்டுகொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கைகளாலும் மாமாவின் கையைப் பிடித்து, வீட்டில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். உங்களையும்தான். அண்ணனுக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார். நேற்று மாலைதான் நம் வீட்டிலிருந்து எழுந்து போனவர் மாதிரி.

விருந்தாளிக்கு முதலில் தேநீர் தர வேண்டும். மாமாவுக்குத் தரக் கூடாது. தராவிட்டால் மரியாதையில்லை. நான் இதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே அவர் உள்ளே போய், ஒரு பியாலாவில் சுண்டுவிரல் நுனியளவு பனிக்கட்டி ஒன்றை மட்டும் போட்டு, தேநீர் நீட்டுவது போலவே நெஞ்சில் கைவைத்து நீட்டினார். "வாயில போட்டு அடக்கிக்கோங்க பெரியப்பா. அரை மணி நேரம் தாகம் எடுக்காது" என்றார். எங்கே கற்றுக்கொண்டார் என்று பின்னால் அவர் மனைவியிடம் கேட்டேன். மாமாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய மாதமே தெர்மெஸ் போய் நர்ஸ் ஒருத்தியிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். நம் வீட்டுக்குள் வர முடியாதவர், அதையாவது தெரிந்து வைத்துக்கொள்வோம் என்று.

வண்டிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், உடனே வெளியே எடுத்துவிட்டார். இசிரிக் போடுகிறீர்களா என்று கேட்டார். அத்தை தினமும் காலையில், நோயாளிகள் ஏறும் முன்பு, காய்ந்த இசிரிக் செடியைக் கரண்டியில் கொளுத்தி வண்டி முழுக்கப் புகை காட்டுவார். மூன்று நோயாளிகள் மேலும் ஊர்க் கண் படக் கூடாதே. அதை நான் சொன்னேன்.

"அந்தக் கருவிக்கு மூக்கு இருக்கு, மூளை இல்ல அண்ணி" என்றார். "புகை பிடிச்ச துணி, சீட்டு, காத்து வர்ற ஓட்டை எல்லாத்துலயும் கத்தும். இத நம்பி டேஷ்போர்ட கழட்டச் சொன்னாங்களா? பெரியம்மா புகை போட்டது திருஷ்டிக்கு. பட்டறைக்காரன் கண்ணுக்குத்தான் அது வேலை செஞ்சிருக்கு."

மாமா பனிக்கட்டியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். வியாழனுக்குப் பிறகு போன் இல்லாத நேரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு ஹோலியோர் என்னிடம் கேட்ட கேள்விகளை வேறு எந்தப் பட்டறையிலும் கேட்கவில்லை. கேஸ் எத்தனை நாள் இருந்தது, அந்த நாட்களில் எந்தச் சாலை, எத்தனை பேர், காற்று அடித்ததா. நான் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கும் என் பழக்கத்தை நீங்கள் கேலி செய்வீர்களே, அதே நோட்டு. அவர் கேலி செய்யவில்லை. கையை மறுபடி துடைத்துக்கொண்டு வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

மிச்சமிருந்த கேஸை வேறு உருளைக்குள் இழுத்துவிட்டு, குழாய்களுக்குள் நைட்ரஜனை ஏற்றினார். வண்டியைக் குழி மேல் நிறுத்தி, முகச்சவரப் பிரஷ்ஷால் சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் பூசினார். ஓட்டை இருந்தால் நுரை கொப்பளிக்கும். எங்கும் கொப்பளிக்கவில்லை. அழுத்தம் காட்டும் கேஜில் முள் நின்ற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, பிற்பகல் தொழுகை வரை பார்ப்போம் என்றார். நான்கு மணி நேரம். முள் அந்தக் கோட்டிலேயே நின்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டை இல்லையென்றால் சரிசெய்ய எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. மாமா நிழலில் கட்டிலில் படுத்திருந்தார், நெஞ்சு ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. ஹோலியோரோ முள்ளைப் பார்த்து மகிழ்ந்தது போல இருந்தார். கூலிங் காயிலில் ஓட்டையென்றால் இந்நேரம் முள் இறங்கியிருக்கும், டேஷ்போர்டைத் தொட வேண்டியதில்லை, பாதி வண்டி தப்பித்தது என்றார். சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து என் நோட்டை முதலிலிருந்து படித்தார். உதட்டை அசைத்து, விரலை ஓட்டி, பக்கம் பக்கமாக. நான் எத்தனையோ பேர் படிப்பதைப் பார்த்திருக்கிறேன், நூலகத்தில் அதுதானே என் வேலை. இந்த மாதிரிப் படிக்கிறவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். எழுதியவள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் படித்தார்.

"வாடகைக் கார்ல அனுப்புன வாரம் வண்டி நின்னுச்சுல்ல? அந்த வாரம் கேஸ் குறையவே இல்ல, நீங்களே எழுதியிருக்கீங்க" என்றார். "நிக்கும்போது போகல. ஆளு ஏறி ஓடும்போதுதான் போகுது. எனக்கு இப்ப ஆளு வேணும்."

சாலைக்கு எதிர்ப்புறம் முலாம்பழம் விற்கிற இருவரைக் கூப்பிட்டார். ரொட்டி சுடுகிறவர் மாவுக் கையோடு வந்தார். ஒரு லாரி ஓட்டுநர், ஹோலியோரின் மனைவி, நான். ஆறு பேர். ஏழாவது இடம் காலி. மாமா கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். வேண்டாம் பெரியப்பா, படுங்கள் என்று ஹோலியோர் தடுத்தார்.

"அட, என்னை ஏத்துடா" என்றார் மாமா. "இந்தக் கூட்டத்துல மெஷின் எடுத்தும் தீராத தண்ணிய உள்ள சுமந்துகிட்டு நிக்கிறவன் நான் ஒருத்தன்தான். எடை வேணும்னா என்னை விட்டா யாரு?"

பழம் விற்கிறவர்களுக்கு இது புரியவில்லை, இருந்தாலும் சிரித்தார்கள். அப்படியே ஏறி உட்கார்ந்தோம். உள்ளே அடுப்பு. கீழே குழியிலிருந்து ஹோலியோரின் குரல் மட்டும் வந்தது: இடது பக்கம் சாயுங்கள், இப்போது வலது, இப்போது எல்லோரும் ஒன்றாகக் குதியுங்கள். ரொட்டிக்காரர், எங்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட இத்தனை ஆடியதில்லை, இதற்குப் பாட்டு வைக்க மாட்டாயா என்று கேட்டார். லாரி ஓட்டுநர், கூலிக்குப் பதில் குளிராவது விடு என்றார். மூன்றாவது தடவை குதித்தபோது ஹோலியோர் கீழிருந்து வண்டியைத் தட்டினார்.

"அசையாதீங்க. அப்படியே இருங்க" என்றார். பிறகு, மெதுவாக, "வந்துடுச்சு அண்ணி. நுரை பால் மாதிரி பொங்குது. வந்து பாருங்க."

நான் குழிக்குள் இறங்கினேன். மற்றவர்கள் மேலே அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பின்சீட்டுக்குக் குளிரைக் கொண்டுபோகும் அலுமினியக் குழாய் வண்டியின் அடிவயிற்றில் நீளமாக ஓடுகிறது. அதை ஒட்டியே மீத்தேன் வரும் இரும்புக் குழாய். ஓரிடத்தில் இரண்டையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, மேலே தார் பூசியிருந்தது. அந்தக் கட்டுக்குள்ளிருந்துதான் நுரை வந்தது. ஆள் ஏறாதபோது இரண்டு குழாயும் ஒன்றையொன்று அழுத்தி ஓட்டையை மூடிக்கொண்டிருந்தன. வண்டி கனத்து ஆடும்போது விலகின.

கத்தியால் தாரைச் சுரண்டி, கம்பியை வெட்டினார். உள்ளே இரண்டு குழாய்க்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு துணி சுற்றியிருந்தது. மூன்று வருடத்துப் புழுதி, ஆப்கான் காற்று கொண்டுவந்து கொட்டும் அந்த மாவு மாதிரி மணல், அத்தனையும் துணியில் ஏறி, உப்புத்தாளாகி, வண்டி ஆட ஆட அலுமினியத்தைத் தேய்த்திருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் துணியின் ஓரத்தில் கொஞ்சம் நிறம் தெரிந்தது. மஞ்சளும் ஊதாவும், நடுவே தீ நாக்கு மாதிரி வெள்ளை.

அது என் அட்லஸ் பட்டு உடையின் கை. கல்யாணத்துக்கு மறுவருடம் கதவில் மாட்டிக் கிழிந்ததே. நீங்கள் வண்டியை மீத்தேனுக்கு மாற்றிக்கொண்டிருந்த அன்று, கீழே படுத்தபடியே கையை நீட்டி ஒரு துணி கேட்டீர்கள். நான்தான் கிழித்துக் கொடுத்தேன். குழாய் ஒன்றோடொன்று உரசக் கூடாது என்று நல்லதற்குத்தான் சுற்றினீர்கள். எனக்கு அது தெரியும்.

நான் என்ன முகம் காட்டினேனோ தெரியாது. ஹோலியோர் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். அதைச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மேலேயிருந்து மாமா, என்னடா அது, எதனால் என்று கேட்டார். வண்டிக்குள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"கல்லு பட்டிருக்கு பெரியப்பா" என்றார் ஹோலியோர். "நம்ம ரோட்டுக்கு எந்தக் குழாயும் தாங்காது."

உங்களுக்கு அந்த விருந்து நினைவிருக்கும், நோர்போதாவின் அண்ணன் கல்யாணம். அதற்கு இரண்டு நாள் முன்பு ஹோலியோர் நம் முற்றத்தில் குனிந்து பார்த்துவிட்டு, அண்ணா, இரண்டு குழாயையும் சேர்த்துக் கட்டாதீர்கள், பிரித்து ரப்பர் போட்டுப் பிடியுங்கள் என்று சொன்னார். நீங்கள் விருந்தில், நாற்பது பேர் முன்னால், குளிர் விற்கிறவனுக்கு ஊர் வண்டியெல்லாம் கெட்டால்தான் பிழைப்பு, நல்ல வண்டியைத் தொட்டுப் பார்த்தே கெடுத்துவிடுவான் என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் அடுத்த மாதம் கொரியா போய்விட்டீர்கள். அந்தச் சொல் போகவில்லை. அவர் பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் நம் ஊர்க்காரர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். அவர் ஊரை விட்டுச் சாலையோரம் போனது அதனால்தான் என்று அவர் மனைவி சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

அந்தக் குழியில் அவர் கையில் இருந்தது, மூன்று வருடத்தில் அவர் பேரைத் துடைத்துக்கொள்ளக் கிடைத்த ஒரே சாட்சி. மேலே கேட்க ஆள் இருந்தது. துணியைத் தூக்கிக் காட்டினால் போதும். அவர் கல் என்றார்.

நான் நிறையப் புத்தகங்கள் படித்திருக்கிறேன், பெருந்தன்மை என்று அவற்றில் பல பக்கங்கள் வரும். அது ஒரு மனிதன் சட்டைப் பையில் எதையோ போட்டுக்கொள்வது போல அத்தனை சாதாரணமாக நடக்கும் என்று எதிலும் படித்ததில்லை.

மறுநாள் திங்கட்கிழமை முழுவதும் வேலை செய்தார். மீத்தேன் உருளையின் வால்வை மூடி, இஞ்சினை ஓடவிட்டுக் குழாயில் இருந்ததை எரித்துத் தீர்த்தார். இரும்புக் குழாயின் மேல் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டிப் பார்த்தார், கீறல் இருக்கிறதா என்று. நல்லவேளை, மென்மையான அலுமினியம்தான் தேய்ந்திருந்தது. அலுமினியத்தில் தேய்ந்த துண்டை அறுத்துப் புதிதாக ஒட்டவைத்து, இரண்டு குழாயையும் ஒரு சாண் விலக்கி, ரப்பர் வைத்த பிடிகள் போட்டார். உள்ளே ஈரம் தங்காமலிருக்க வேக்கம் போட்டு ஒரு மணி நேரம் இழுத்தார். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு இன்னொரு மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கேஸைத் தராசில் எடை பார்த்து ஏற்றினார், அம்மாக்கள் குழந்தைக்கு மருந்து ஊற்றுவது போல. கடைசியில் மறுபடி ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றிக் குதிக்க வைத்தார். இந்த முறை ரொட்டிக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே குதித்தார்.

அந்தத் துணியைத் தாருங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்று புறப்படும் முன் தனியாகக் கேட்டேன்.

"தந்தூர்ல போட்டுட்டேன் அண்ணி" என்றார். "அதுல வெறும் மண்ணுதான் இருந்துச்சு."

செவ்வாய்க்கிழமை மாமாவின் எடை இரண்டு கிலோ முந்நூறுதான் கூடியிருந்தது. ஞாயிறு மதியத்திலிருந்து தண்ணீரைத் தொடாமல் பனிக்கட்டியிலேயே ஓட்டியிருக்கிறார். எடை பார்க்கும் நர்ஸ் தராசைத் தட்டிவிட்டு மறுபடி ஏறச் சொன்னாள். அன்று மாமா படுத்தபடி இயந்திரத்தில் கிடந்தார், தூங்கினார். இப்போது ஆறு முறை போய்வந்துவிட்டோம், ஒரு முறையும் இரண்டரையைத் தாண்டவில்லை. திரும்பும் வழியில் பீபிசோரா அம்மாள் கம்பளிச் சால்வையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, இந்தக் குளிரில் எனக்கு நெஞ்சு பிடிக்கப் போகிறது, ஜன்னலைத் திற என்று சண்டை போடுகிறார். வெளியே நாற்பத்தாறு. சோரிகுல் வாத்தியார், நீங்கள் வேண்டுமானால் டிக்கியில் ஏறிக்கொள்ளுங்கள் அம்மா, அங்கே கோடைக்காலம்தான் என்கிறார். இந்தச் சண்டையைக் கேட்க எனக்கு எவ்வளவு இஷ்டம் தெரியுமா.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த முதல் செவ்வாய்க்கிழமை, மற்ற இருவரும் தூங்கிப்போன பிறகு, மாமா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "கல்லு பட்ட குழாய்க்கு அட்லஸ் சட்டை போட்டு விட்டது யாரு மருமகளே?"

பழைய கம்பியை வெட்டும்போது தரைத் தகட்டு இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறார்.

"எல்முரோத் கிட்ட சொல்லாதே" என்றார். "தூர தேசத்துல தனியா இருக்கிறவன். தூங்க மாட்டான்."

மாமா உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஹோலியோரும். அத்தை ஒன்றும் தெரியாமலே காப்பாற்றுகிறார். நான் ஒருத்திதான் சொல்கிறேன். இரண்டு வாரம் யோசித்தேன். உங்களை நோகடிக்க எழுதவில்லை. துணியைக் கிழித்துக் கொடுத்த கை என்னுடையது, பாதிப் பழி எனக்கு. ஆனால் நீங்கள் தெரியாமல் இருக்கும்வரை அந்தப் பழைய சொல்லின் பாரத்தை அவர் தனியாகச் சுமப்பார், அதுவும் நமக்காக. உங்களை நான் அறிந்த அளவில், இதைத் தெரிந்துகொண்டு தூங்காமல் கிடப்பதைத்தான் நீங்கள் விரும்புவீர்கள்.

நீங்கள் என்ன பேச வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நம் வீட்டுப் போனில் வேண்டாம், நேராக அவருக்கே பேசுங்கள். எண்ணை உறையின் உட்புறம் எழுதியிருக்கிறேன். அவர் உடனே எடுக்க மாட்டார். குழிக்குள் இருப்பார், கையில் எண்ணெய் இருக்கும், ஏறி வந்து துடைத்துக்கொண்டுதான் எடுப்பார். அதுவரை அடிக்கட்டும். வைத்துவிடாதீர்கள்.

உங்கள் கைக்கும் கண்ணுக்கும் எந்தக் குறையும் வராமல் இறைவன் காக்கட்டும்.

உங்கள்
மோஹிரா